ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்: ஒரு சிறு சபையின் வழிபாட்டுக் கூடத்திலிருந்து ஒரு மதிப்புரை

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், போலந்து, செக் நாட்டு எல்லைகளை ஒட்டிய பகுதியில் இருக்கும் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் செய்யப்படும் காகித நட்சத்திர விளக்கைப் பற்றியது இந்த மதிப்புரை. நாங்கள் சேர்ந்து வழிபடும் சபை மிகச் சிறியது. மொரேவியன் சகோதர சபை என்ற புரோட்டஸ்டண்ட் திருச்சபையின் மரபில் பிறந்து வளர்ந்த சில முதிய குடும்பங்கள், அக்கம்பக்கத்து லூத்தரன் குடும்பங்கள், பிழைப்புக்காக இங்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்ற ஒன்றிரண்டு தமிழ்க் குடும்பங்கள் என்று எல்லோரையும் சேர்த்தாலும் கூடத்தின் பின்வரிசைகள் காலியாகவே இருக்கும். அந்தக் கூடத்தில் தொங்கிய பழைய நட்சத்திரம் நைந்துபோனதால், 60 சென்டிமீட்டர் அளவில் வெள்ளையும் சிவப்பும் கலந்த புதிய காகித நட்சத்திரம் ஒன்றை வாங்கினோம். வாங்கிப் பூட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம் ஒன்று முழுவதும் அதன் கீழே அமர்ந்து பாடி, கழற்றிப் பெட்டியில் அடுக்கியும் ஆகிவிட்டது. ஆண்டுதோறும் கூடி உட்கார்ந்து பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் மனமும் ஆளும் உள்ள குடும்பத்துக்கோ சபைக்கோ இதைவிட நல்ல விளக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாட்டிவிட்டு மறந்துவிட நினைப்பவர்களுக்கு இது வீண் செலவு.

பெட்டியைத் திறந்தால் நட்சத்திரம் இருக்காது. அதன் முனைகள்தான், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கப்பட்டு, மொத்தம் 25 இருக்கும். அவற்றில் 17 முனைகளுக்கு அடிப்பாகம் சதுரம். மீதி 8 முனைகளுக்கு முக்கோணம். கடையில் முழு உருவத்தைப் பார்த்து ஆசைப்பட்டவருக்கு இந்தக் காகிதக் கூம்புகளின் குவியல் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு அழகானது. நடுவில் எட்டுச் சதுர முனைகள் வளையமாகச் சேர வேண்டும். அதற்குக் கீழே சதுரமும் முக்கோணமும் மாறி மாறி நான்கு நான்காக எட்டு முனைகள் சேரும். அடியில் ஒரே ஒரு சதுர முனை தரையை நோக்கி நிற்கும். மேல்பாதியும் அப்படியே, உச்சியில் மட்டும் முனை கிடையாது. அந்த இடம் திறந்திருக்கும். மின்கம்பியும் பல்பும் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். ஆக இது 26 முகங்கள் கொண்ட கனவடிவம், அவற்றில் ஒன்று வாசல். எங்கள் சபையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இதைத் தாளில் வரைந்து எண்ணிச் சரிபார்த்த பிறகே முதல் முனையைக் கையில் எடுத்தாள். அவளைப் போல் முன்கூட்டியே வரைந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் சதுரம் வர வேண்டிய இடத்தில் முக்கோணத்தைப் பூட்டி, பத்து முனைகள் கடந்த பிறகு பின்னோக்கிப் போக நேரிடும்.

ஒவ்வொரு முனையின் அடியிலும் கெட்டி அட்டையால் ஆன விளிம்பு உண்டு. அதில் துளைகள் இடப்பட்டிருக்கும். பக்கத்து முனையின் துளையோடு பொருத்தி, அலுவலகத்தில் காகிதக் கட்டுகளைச் சேர்க்கப் பயன்படுத்துவார்களே, இரண்டு கால்களும் விரியும் பித்தளைப் பின், அதைச் செருகிக் கால்களை விரித்து மடக்க வேண்டும். வேலை முழுவதும் விரல் நுனியில்தான். முதல் வளையம் வரை எளிது. உருவம் மூடிக்கொண்டே வரும்போது பின்னின் கால்களை உள்பக்கமாக விரிக்கக் கை போக வேண்டும். இடமோ குறைந்துகொண்டே வரும். கடைசிச் சில முனைகளுக்கு உச்சித் துளை வழியாகக் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் தடவித் தடவித்தான் பூட்ட முடியும். பெரியவர்களின் கை அங்கே நுழைவது சிரமம். குழந்தைகளின் கை நுழையும். எங்கள் சபையில் இது எழுதப்படாத விதி: கடைசி முனையைப் பூட்டுவது அந்த ஆண்டில் வந்திருக்கும் பிள்ளைகளில் இளையவர். மெல்லிய கை வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த ஒரு வழக்கம், இன்று அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையாகவே ஆகிவிட்டது. வெளியே ஒருவர் துளையைப் பொருத்திப் பிடித்துக்கொள்ள, உள்ளே கையை விட்டிருக்கும் பிள்ளை நாக்கை மடித்துக் கடித்தபடி பின்னின் கால்களைத் தேடுவதைப் பார்க்கும்போது, சுற்றி நிற்கும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தனியாக ஒருவர் பூட்டினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கூட்டமாகப் பூட்டினால் அதற்கும் மேல் ஆகும்; ஏனென்றால் நடுவில் தேநீர், பழங்கதை, போன ஆண்டு இதே மேசையில் இருந்து இப்போது இல்லாமல் போனவர்களைப் பற்றிய பேச்சு எல்லாம் உண்டு. இந்த நேரச் செலவைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முழுதாகப் பூட்டி ஒட்டிய சிறிய வகைகளும் இதே உற்பத்தியாளரிடம் கிடைக்கின்றன. 13 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் நட்சத்திரத்தைச் சன்னலில் மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். அது அலங்காரத்துக்குப் போதும். ஆனால் இந்த நட்சத்திரம் பிறந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், பூட்டும் வேலையை நீக்கிவிட்டு அதை வாங்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

ஹெர்ன்ஹூட் ஊரே ஒரு சபைக்காக உண்டானது. இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான மொரேவியாவிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பி வந்த அகதிகள், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் முதல் மரத்தை வெட்டிக் குடியேறினார்கள். பத்தே ஆண்டுகளில், 1732இல், அந்தச் சிறு கூட்டம் கரீபியன் தீவுகளுக்கு ஆள் அனுப்பியது. மறு ஆண்டு கிரீன்லாந்துக்கு அனுப்பியது. அதன்பின் உலகத்தின் பல மூலைகளுக்கும் போனார்கள். போனவர்களின் பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியதும் பெற்றோரைப் பிரிந்து ஐரோப்பாவுக்குத் திரும்பி, ஹெர்ன்ஹூட், நீஸ்கி போன்ற ஊர்களில் இருந்த சபையின் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த விடுதிகளில்தான் இந்த நட்சத்திரம் உருவானது. வடிவ கணிதப் பாடத்தைக் கையால் செய்து பழகும் பயிற்சியாகத் தொடங்கி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பிள்ளைகள் தங்கள் அறைகளில் சேர்ந்து செய்து தொங்கவிடும் வழக்கமாக அது நிலைத்தது. பெற்றோர் கடலுக்கு அப்பால் இருக்க, கடிதம் வந்து சேரவே மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். மிஷன் வரலாறுகளில் இந்தப் பிரிவைத் தியாகம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் பெரியவர்கள், அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் ஆறேழு வயதுப் பிள்ளைகள் என்பதை நான் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. எப்படியிருந்தாலும், காத்திருப்பின் காலமாகிய திருவருகைக் காலத்துக்கு உரிய விளக்கை, காத்திருந்த பிள்ளைகளே கூடி அமர்ந்து செய்தார்கள். பூட்டும் வேலையை நான் இந்தப் பொருளின் பகுதியாகவே கருதுவதற்குக் காரணம் இதுதான்.

இதை விற்பனைப் பொருளாக்கியவர் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக். ஹெர்ன்ஹூட்டில் புத்தகக் கடை நடத்திய அவர், 1897 வாக்கில் முனைகளைச் செருகிக் கழற்றக்கூடிய முதல் நட்சத்திரத்தை வடிவமைத்தார். உலோகச் சட்டத்தின் மேல் காகித முனைகள் ஏறும்படி அமைந்த அது பெட்டியில் அடங்கி அஞ்சலில் போகும் என்பதால், ஊரைவிட்டு வெளியே பரவியது. பிறகு சட்டமே தேவையில்லாமல் முனைகள் ஒன்றையொன்று தாங்கும் இன்றைய வடிவம் வந்தது. 1925இல் அதற்கென்றே ஒரு நிறுவனமும் அமைந்தது. கிழக்கு ஜெர்மனியின் அரசு அதைத் தன் உடைமையாக்கிக்கொண்ட காலமும் உண்டு. பின்னர் அது சபையின் கைக்கே திரும்பியது. இன்றும் முனைகள் அந்த ஊரில் கையால் மடித்து ஒட்டப்படுகின்றன. வருபவர்கள் நின்று பார்ப்பதற்கென்றே பட்டறையின் ஒரு பகுதி திறந்திருக்கிறது; காகிதத்தை மடித்து, விளிம்பில் பசை தடவி, அச்சில் ஏற்றி இறக்கும் கைகளின் வேகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் விலையைப் பற்றிய முணுமுணுப்பு ஓரளவு அடங்கும்.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிதாகச் சொல்லக் குறையில்லை. காகிதம் கையில் எடுக்கும்போது மெல்லியதாகத் தோன்றினாலும் மடிப்புகள் கூர்மையாக நிற்கின்றன. ஒட்டிய விளிம்புகள் பிரியவில்லை. துளைகள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தின. விளக்கு எரியும்போதுதான் காகிதத்தின் அருமை தெரிகிறது. பிளாஸ்டிக் நட்சத்திரத்தில் ஒளி வழவழப்பாகப் பரவிக் கண்ணில் பளிச்சென்று படும். காகிதத்திலோ ஒளி முனையின் அடியில் செறிந்து, நுனிக்குப் போகப் போக மங்குகிறது. அதனால் ஒவ்வொரு முனையும் தனித்தனியாகத் தெரிகிறது. சகோதர சபையின் கூடங்கள் பெரும்பாலும் வெள்ளைச் சுவர், வெள்ளை இருக்கை, ஓவியமோ சிலையோ இல்லாத எளிமை என்றே இருக்கும். ஹெர்ன்ஹூட்டில் உள்ள தாய்க்கூடம் 1945இல் தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்டபோதும் அந்த எளிமையைக் கைவிடவில்லை. அப்படிப்பட்ட வெறுமையான அறையில் வேறு எந்த அலங்காரமும் இல்லாமல் இது ஒன்று மட்டும் தொங்கும்போது அதன் சிவப்பு சுவரில் படிந்து, மாலை வழிபாட்டின்போது அறை முழுவதும் சற்றே இளஞ்சிவப்பாகிவிடும். வண்ண விளக்குச் சரங்களும் பூமாலைகளும் நிறைந்த அறையில் இதே நட்சத்திரம் எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நட்சத்திரம் ஏற்றப்படும் நாளைப் பற்றி இங்கே யாருக்கும் ஐயம் இல்லை. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றுதான் அது எரியத் தொடங்கும். ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள் வரை எரியும். எங்கள் சபையில் அந்த முதல் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை மாலைதான் பூட்டும் மாலை. அன்றே பாடல் வழிபாடும் நடக்கும். அதில் பிரசங்கம் கிடையாது. வழிநடத்துபவர் பல பாடல்களிலிருந்து ஒவ்வொரு சரணமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு பொருளைத் தொடர்ந்து சொல்லும்படி கோத்துக்கொண்டு வருவார். சபை இடைநிற்காமல் பாடிக்கொண்டே போகும். அறிவிப்பு இல்லை, எண் சொல்வதில்லை. அவர் முதல் சொல்லை எடுத்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். பாடல்கள் மனப்பாடமாக இருந்தால்தான் இது நடக்கும். மரபில் பிறக்காத எங்களுக்குத் தொடக்கத்தில் உதடசைப்பதோடு சரி.

மறுநாள் காலை, புதிய நட்சத்திரத்தின் கீழே, கிறிஸ்டியன் கிரேகோர் இசையமைத்த ஓசன்னா பாடப்படும். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர் இந்தச் சபையின் இசை மரபுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். உலகெங்கும் உள்ள மொரேவியன் சபைகள் திருவருகைக் காலத் தொடக்கத்திலும் குருத்தோலை ஞாயிறன்றும் பாடும் பாடல் இது. இரு அணியாகப் பிரிந்து, பிள்ளைகள் ஓர் அடியைப் பாட, பெரியவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். பெரிய சபைகளில் மாடத்தில் பாடகர் குழு நிற்கும். எங்களிடம் பிள்ளைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள் என்பதால், குரல் இன்னும் உடையாத எவரும் பிள்ளைகள் அணியில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். முந்தைய நாள் கடைசி முனையைப் பூட்டிய பிள்ளை அந்த அணியின் முன்னால் நிற்கும். தான் பூட்டிய முனை எது என்று தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே பாடுவதால் தாளம் தவறுவதும் ஆண்டுதோறும் உண்டு.

மூன்றாம் ஞாயிறு பிற்பகலில் அன்பின் விருந்து. 1727ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹெர்ன்ஹூட்டில் தொடங்கியது இந்த வழக்கம். நற்கருணையோடு இதற்குத் தொடர்பில்லை. ஒன்றாக அமர்ந்து எளிய உணவு உண்பதே வழிபாடு என்ற எண்ணத்தில் பிறந்தது. இனிப்பு பன்னும் தேநீரும்தான். இருக்கையின் ஓரத்தில் தட்டைக் கொடுத்தால் அது வரிசையில் கைமாறிப் போகும். எல்லோருக்கும் கிடைக்கும் வரை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பிறகு சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து உண்டு, தூரத்துச் சபைகளிலிருந்து வந்த செய்திகளை வாசிப்பார்கள். ஒருமுறை லடாக்கின் லே நகரில் 1885 முதல் இருந்துவரும் மொரேவியன் சபையைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியிலும் 1760இல் இந்தச் சகோதரர்கள் வந்திறங்கி, ஒரு தோட்டம் அமைத்து, சில பத்தாண்டுகள் பாடுபட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்று நான் சொன்னபோது அங்கிருந்த முதியவர்கள் பலருக்கும் அது தெரிந்தே இருந்தது. தமிழ்நாட்டில் நமக்குத்தான் அது மறந்துபோயிற்று. தரங்கம்பாடிக்கு முன்பே வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் பெயருக்குப் பின்னால் அவர்கள் மறைந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பிள்ளைகளுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிய மெழுகுவத்தி கொடுக்கும் வழக்கமும் இங்கே உண்டு. மாரியன்போர்ன் என்ற இடத்தில் 1747இல் தொடங்கியது அது. அதை விரித்தால் மதிப்புரை வேறு பக்கம் போய்விடும். காகித நட்சத்திரத்துக்கு நேர் கீழே யாரும் எரியும் மெழுகுவத்தியுடன் நிற்கக் கூடாது என்று அன்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம் என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

நம் ஊர் நட்சத்திரங்களோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது. டிசம்பர் பிறந்ததும் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் கடைகளில் தொங்கும் நட்சத்திரம், சட்டென்று விரித்து ஓரத்தைச் சேர்த்து மாட்டக்கூடியது. துளையிட்ட காகிதத்தில் வண்ணத்தாள் ஒட்டியிருக்கும். விலை கைக்கு அடக்கம். ஒரு மழைக்கு நைந்தாலும் அடுத்த ஆண்டு புதிது வாங்கிக்கொள்வோம். வீட்டு முகப்பில் தொங்கி, இந்த வீட்டில் பண்டிகை என்று தெருவுக்குச் சொல்வது அதன் வேலை. அந்த வேலையை அது மிக நன்றாகவே செய்கிறது. அதற்குப் பதிலாக இதை வாங்கி மொட்டை மாடியில் கட்ட வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஹெர்ன்ஹூட்டின் காகித நட்சத்திரம் உள்ளறைக்கு உரியது. மழையும் பனியும் அதற்கு ஆகாது. வாசலில் தொங்கவிட விரும்புபவர்கள் பிளாஸ்டிக் வகையைத்தான் வாங்க வேண்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றை நினைத்தால், அங்கே வீட்டுக்குள் மாட்டுவதற்கும் அதுவே நல்லது என்று தோன்றுகிறது.

இந்தியாவுக்கு வாங்கிச் செல்ல நினைப்பவர்கள் மின்சாரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். இரு நாட்டிலும் 230 வோல்ட்தான். ஆனால் பல்ப் இங்கே திருகு வகை. நம் வீடுகளில் வழக்கமான, இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பும் பல்ப் இதன் ஹோல்டரில் பொருந்தாது. மின்கம்பியும் ஹோல்டரும் நட்சத்திரத்தோடு வருகின்றனவா, தனியாக வாங்க வேண்டுமா என்பது வகைக்கு வகை மாறும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சூடாகும் பழைய குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம். எல்இடி பல்பிலும் மஞ்சள் சாயல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை வெளேரென்று எரியும் பல்பைப் போட்டால் காகிதத்தின் மென்மை முழுவதும் போய், ஆஸ்பத்திரி வராந்தாவின் சாயல் வந்துவிடும்.

விலை அதிகம்தான். நம் ஊர் நட்சத்திரம் பலவற்றை வாங்கும் பணத்துக்கு இது ஒன்று கிடைக்கும். ஆனால் முனைகள் தனித்தனியாகவும் விற்கப்படுவதால், ஒன்று கிழிந்தால் முழுவதையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. கழற்றும்போது பொறுமை வேண்டும்: பின்னின் கால்களை நேராக்கி மெதுவாக உருவ வேண்டும், இழுத்தால் அட்டையின் துளை கிழிந்துவிடும். சதுர முனைகளைத் தனியாகவும் முக்கோண முனைகளைத் தனியாகவும் ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்து, பின்களை ஒரு சிறு டப்பாவில் போட்டு, உலர்ந்த இடத்தில் பெட்டியை வைத்தால் போதும். 40 சென்டிமீட்டர் அளவு வீட்டு அறைக்குச் சரியாக இருக்கும்; உயரமான கூரை உள்ள சிற்றாலயத்துக்கு 60க்குக் குறையாமல் வாங்குங்கள். முழுதும் வெள்ளை, முழுதும் மஞ்சள், முழுதும் சிவப்பு என்று பல நிறங்கள் கிடைக்கின்றன. மஞ்சள் வீட்டுக்கு இதமாக இருக்கும். வழிபாட்டுக் கூடத்துக்கு வெள்ளையும் சிவப்பும் கலந்ததையே பரிந்துரைப்பேன். தொடக்க கால நட்சத்திரங்களின் நிறங்களும் அவையே.

ஹெர்ன்ஹூட் குடியிருப்பு 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் நடந்தது புது தில்லியில். அதற்குப் பிறகு ஊருக்கு வருகிறவர்களும் கூடியிருப்பதால், திருவருகைக் காலம் நெருங்கும் வாரங்களில் கடையில் நெரிசல் இருக்கும். நவம்பர் கடைசியில் ஓடுவதைவிடக் கோடையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாங்கியதும் வீட்டில் முனைகளையும் பின்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், பூட்டும் மாலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துவிட்டுத் தேட வேண்டாம்.